எச்சில் டெஸ்ட்ல ஈறு நோய் தெரியுமா? அது எதைப் பாக்குது, எதை விட்டுடுது

"அஞ்சு நிமிஷத்துல எச்சில் வச்சே ஈறு நோய் கண்டுபிடிக்கலாம்"னு ஒரு செய்தி அப்பப்போ சுத்திட்டே இருக்கு, அதைப் படிச்சதும் எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான்: அப்போ இனிமே பல் டாக்டர் ஆழம் பாக்குற அந்தக் குச்சியை ஈறுக்குள்ள விட்டுக் குத்தவேண்டாமா? வேணும். இந்த டெஸ்ட் டாக்டர்கிட்ட யாரு சீக்கிரம் போகணும்னு சொல்லுறதுக்குத்தான், போயிட்டு வந்ததுக்குச் சமம் இல்ல. ஏன் அப்படின்னு புரியணும்னா முதல்ல ஈறு நோய் எதுன்னு தெளிவா இருக்கணும், ஏன்னா பாதிக் குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஈறு நோய்னா ரெண்டு வேற வேற விஷயம்

1. ஜிஞ்சிவைடிஸ். பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல அழுக்குப் படலம் (ப்ளாக்) படிஞ்சு ஈறு செவந்து வீங்குறது. பிரஷ் பண்ணும்போது துப்புனா ரத்தம் தெரியும். இது மேலோட்டமான வீக்கம்தான், ஒழுங்கா சுத்தம் பண்ணா முழுசா சரியாயிடும், எந்த நஷ்டமும் இருக்காது.

2. பெரியோடான்டைடிஸ். வீக்கம் உள்ள எறங்கி, பல்லை எலும்போட கட்டி வச்சிருக்கிற நார்களை அறுத்து, அந்த எலும்பையே கரைக்க ஆரம்பிச்சா இதுக்கு இந்தப் பேரு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு பை மாதிரி உண்டாகும், அதைத்தான் டாக்டருங்க பாக்கெட்னு சொல்றாங்க. இங்க போன எலும்பு பெரும்பாலும் போனதுதான், ட்ரீட்மென்ட் எடுத்தா மேல போகாம நிறுத்தலாம்.

எல்லா ஜிஞ்சிவைடிஸும் பெரியோடான்டைடிஸ் ஆகாது. சிலருக்கு வருஷக்கணக்கா ஈறுல ரத்தம் வரும், எலும்பு அப்படியே இருக்கும், வேற சிலருக்கு கொஞ்ச வருஷத்துலயே பல் ஆட ஆரம்பிச்சிடும். சிகரெட், கட்டுப்பாடு இல்லாத சுகர், பரம்பரை இதெல்லாம் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். இதுல ரொம்ப மோசமான விஷயம் வலி இல்லாததுதான். பல் சொத்தைன்னா ராத்திரி தூங்க விடாது, ஈறு நோய் அமைதியா வேலையைப் பாத்துட்டுப் போயிடும், பல் ஆடும்போதோ ஈறு எறங்கி பல் நீளமா தெரியும்போதோதான் ஆளு டாக்டரைத் தேடுவாரு.

உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட வாய் ஆரோக்கிய அறிக்கையில, தீவிரமான ஈறு நோய் உலகம் முழுக்க சுமார் 100 கோடி பேருக்கு இருக்குன்னு கணக்கு சொல்லியிருந்தாங்க. இத்தனை பேரையும் நாற்காலியில உக்கார வச்சு வாயைத் திறந்து பாக்குறது நடக்கிற காரியமான்னு ஒரு கேள்வி வருதில்ல, எச்சில் டெஸ்ட் மேல இவ்வளவு ஆர்வம் வந்ததுக்குக் காரணம் அதுதான்.

இப்போ எப்படி கண்டுபிடிக்கிறாங்க

மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசான உலோகக் குச்சி, பேரு ப்ரோப். ஒவ்வொரு பல்லைச் சுத்தியும் ஆறு இடத்துல ஈறுக்குள்ள மெதுவா விட்டு ஆழம் பாப்பாங்க. ஞானப்பல்லை விட்டுட்டா 28 பல்லு, அப்போ 168 இடம். 3 மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரணம், 4 வந்தாலே பாக்கெட்னு சந்தேகம், 6ம் அதுக்கு மேலயும்னா ஆழமான பாக்கெட். குச்சியை எடுத்ததும் அந்த இடத்துல ரத்தம் கசியுதான்னும் பாப்பாங்க, அதோட எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாப்பாங்க. இதெல்லாம் சேத்து வச்சுத்தான் ஸ்டேஜ் 1லேர்ந்து 4 வரைக்கும், நோய் முத்துற வேகத்துக்கு ஏ, பி, சினு கிரேடும் போடுறாங்க. இந்த முறை 2017ல நடந்த உலக அளவிலான கூட்டத்துல முடிவாகி 2018ல வெளியானது.

இதுல மூணு சிக்கல். ஒண்ணு, நேரம் ஆகும், பழகுன கை வேணும். ரெண்டு, ஒரே வாயை ரெண்டு பேர் அளந்தா ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன வரும். மூணாவதுதான் ரொம்ப முக்கியம்: ப்ரோப் காட்டுறது நடந்து முடிஞ்ச சேதாரம். 5 மில்லிமீட்டர் பாக்கெட் ஒண்ணு இருக்குன்னா அது போன மாசம் உண்டானதா, பத்து வருஷம் முன்னாடி உண்டாகி அப்படியே அடங்கிக் கிடக்குதான்னு அந்த எண்ணை மட்டும் பாத்து சொல்ல முடியாது. (ரத்தம் கசியாத இடம் பெரும்பாலும் அமைதியா இருக்குன்னு நம்பலாம், அதுதான் கைல இருக்கிற ஒரே துப்பு. ரத்தம் வந்தா மட்டும் அங்க எலும்பு கரையுதுன்னு அடிச்சு சொல்ல முடியாது.)

எச்சில் டெஸ்ட் பதில் சொல்லப் பாக்குற கேள்வி இந்த மூணாவதுதான்: இப்போ, இந்த நேரத்துல உள்ள அழிவு நடக்குதா?

எச்சிலுக்குள்ள இதெல்லாம் எப்படி வருது

ஒரு நாளைக்கு நம்ம வாயில அரை லிட்டர்லேர்ந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறுது, அதுல 99 சதவீதம் தண்ணிதான். பெரும்பகுதி கன்னத்துக்கிட்டயும் தாடைக்கு அடியிலயும் நாக்குக்கு அடியிலயும் இருக்கிற சுரப்பிகள்லேர்ந்து வருது, ஈறு நோய்க்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்ல. நமக்கு வேண்டியது வேற இடத்துலேர்ந்து வருது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குலேர்ந்து ரொம்பக் கொஞ்சமா ஒரு நீர் கசிஞ்சுட்டே இருக்கும், ஈறு வீங்குனா அது அதிகமாகும். அந்தக் கசிவுல ரத்தத்துலேர்ந்து வந்த வெள்ளை அணுக்கள், அதுங்க கக்குற என்சைம், ஒடஞ்ச திசுத் துணுக்கு, பாக்டீரியா எல்லாம் கலந்திருக்கும், அது மெதுவா எச்சில்ல வந்து சேரும். அதாவது எச்சில் டெஸ்ட் பாக்குறது ஒரு பெரிய ஆத்துல கலந்து வந்த சின்ன வாய்க்கால் தண்ணியை. இதை நினைப்புல வச்சுக்கிட்டா பின்னாடி சொல்லப்போற குறைகள் எல்லாமே தானா புரியும்.

என்னென்னத்தைத் தேடுறாங்க

1. ரத்தம். எச்சில்ல கண்ணுக்குத் தெரியாத அளவு ஹீமோகுளோபின் இருக்கான்னு பாக்குறது. ரொம்ப மலிவு, ரொம்ப எளிமை. ஆனா ஈறுல ரத்தம் ஜிஞ்சிவைடிஸ்லயும் வரும், அவசரத்துல பிரஷ் குத்தினாலும் வரும், உதட்டைக் கடிச்சுக்கிட்டாலும் வரும்.

2. அழிவு வேலை பண்ற என்சைம். இதுலதான் ஆராய்ச்சி அதிகம், முக்கியமா எம்எம்பி-8. ஈறும் பல்லைக் கட்டுற நாரும் பெரும்பாலும் கொலாஜனால ஆனது, அதை வெட்டுற கத்திரி இந்த என்சைம். நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு இதை உறையில போட்ட மாதிரி வேலை செய்யாத நிலையில வச்சிருக்கும், பாக்டீரியாவோட சண்டை வரும்போது வெளிய விடும், அங்கதான் அது உயிர் பெறும். அதனால மொத்த எம்எம்பி-8 எவ்வளவுன்னு பாக்குறதும், வேலை செஞ்சுக்கிட்டிருக்கிற எம்எம்பி-8 எவ்வளவுன்னு பாக்குறதும் வேற வேற. ரெண்டாவதைத்தான் ஆக்டிவ் எம்எம்பி-8ன்னு சொல்றாங்க, ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல டிமோ சோர்சாவோட குழு பல வருஷமா இதுலயே உக்காந்திருக்காங்க. இந்த என்சைம் சும்மா கூட வர்ற ஆளு இல்ல, நெஜமாவே சேதம் பண்ற ஆளுதான்னு நம்புறதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு: டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கை பாக்டீரியாவைக் கொல்லவே முடியாத அளவு சின்ன டோஸ்ல, 20 மில்லிகிராம் ரெண்டு வேளை, இந்த மாதிரி என்சைமை அடக்குறதுக்காகவே ஈறு நோய்க்குக் குடுக்கலாம்னு அமெரிக்காவுல 1998லயே அனுமதி வாங்கியாச்சு.

3. வீக்கத்துக்கான சிக்னல். இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 மாதிரி. லேப்ல அளக்க நல்லா இருக்கு, ஆனா உடம்புல வேற எங்கயாவது வீக்கம் இருந்தாலும் இதுல சிலது ஏறலாம்.

4. பாக்டீரியா. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனீமா டென்டிகோலா, இந்த மூணையும் ஒரு கூட்டமா ரெட் காம்ப்ளெக்ஸ்னு சொல்வாங்க. பிசிஆர் மூலமா எச்சில்ல இதோட டிஎன்ஏ இருக்கான்னு பாப்பாங்க. கேக்க பிரமாதமா இருக்கும், ரிப்போர்ட்டும் கலர் கலரா பட்டை போட்டு வரும். ஆனா ஈறு நல்லா இருக்கிறவங்க வாயிலயும் இதுங்க கொஞ்சம் இருக்கலாம். கிருமி இருக்குன்னு சொல்றதும் நோய் இருக்குன்னு சொல்றதும் ஒண்ணாயிடாது, அந்த ரிப்போர்ட்டை மட்டும் வச்சுக்கிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதுறது சுத்தமா தப்பு.

ஒரு ஸ்ட்ரிப் டெஸ்ட்டை கிட்டத்துல பாப்போம்

ஆக்டிவ் எம்எம்பி-8க்கு வந்திருக்கிற வாய் கொப்பளிக்கிற டெஸ்ட் எப்படி நடக்குதுன்னா, முதல்ல வெறும் தண்ணியில அரை நிமிஷம் கொப்பளிச்சு துப்பிடணும், சாப்பிட்ட மிச்சமும் ஏற்கெனவே தேங்கியிருந்ததும் போறதுக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், அந்த நேரத்துல ஈறு இடுக்குலேர்ந்து புதுசா கசியும். அப்புறம் 5 மில்லி சுத்தமான தண்ணியை வாயில ஊத்திக்கிட்டு அரை நிமிஷம் நல்லா எல்லாப் பக்கமும் கொப்பளிச்சு ஒரு சின்ன கப்புல துப்பணும். அதை வடிகட்டி சில சொட்டு ஸ்ட்ரிப் மேல விடுவாங்க. கோவிட் சமயத்துல வீட்ல பண்ண கிட் மாதிரியேதான், ஆன்டிபாடி தடவுன காகிதத்துல நீர் ஊறிப் போகும், அஞ்சு நிமிஷத்துல கோடு விழும். ஒரு கோடுன்னா டெஸ்ட் ஒழுங்கா ஓடிச்சு, அளவு கம்மி, ரெண்டாவது கோடும் விழுந்தா அளவு எல்லையைத் தாண்டிடுச்சு. அந்த எல்லை மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். கோட்டை கண்ணால பாக்காம ஒரு சின்ன மெஷின்ல வச்சு எண்ணாவே எடுக்கவும் முடியும்.

கவனிக்கவேண்டியது: 20ங்கிறது மனுஷங்க போட்ட கோடு, இயற்கை போட்ட கோடு இல்ல. 19 வந்தவருக்கு நோய் இல்ல, 21 வந்தவருக்கு இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்கக் கூடாது. எல்லையை இறக்குனா நிறைய பேரைப் பிடிக்கும், கூடவே நல்லா இருக்கிறவங்களையும் பிடிக்கும், ஏத்துனா அதுக்கு நேர்மாறா நடக்கும்.

"80 சதவீதம் சரி"ன்னா என்ன அர்த்தம்

செய்தியில வர்ற சதவீதம்தான் எல்லாரையும் ஏமாத்துற இடம். ரெண்டு வேற வேற எண் இருக்கு. நோய் உள்ளவங்கள்ல எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்குதுங்கிறது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவங்கள்ல எத்தனை பேரை சரியா "இல்ல"ன்னு விடுதுங்கிறது ஸ்பெசிஃபிசிட்டி. கணக்கு எளிமையா இருக்கட்டும்னு ரெண்டும் 80ன்னு வச்சுக்குவோம், இது எந்த கம்பெனி டெஸ்ட்டோட எண்ணும் இல்ல.

முதல்ல, பொதுமக்கள் 1000 பேரு, அதுல 200 பேருக்கு நெஜமா நோய் இருக்கு.

- அந்த 200ல 160 பேரு பாசிட்டிவ், 40 பேரு தப்பிச்சுடுவாங்க.
- மிச்சம் 800ல 640 பேரு நெகட்டிவ், 160 பேரு சும்மாவே பாசிட்டிவ்.

ஆக மொத்தம் 320 பாசிட்டிவ், அதுல சரிபாதி பொய். நெகட்டிவ் வந்தது 680 பேரு, அதுல 40 பேருதான் தவறினது, அதாவது நூத்துக்கு ஆறு பேரு.

இப்போ அதே ஸ்ட்ரிப், அதே 80. ஆனா ஏற்கெனவே சுகர் இருக்கிற, சிகரெட் பிடிக்கிற, வயசான ஆளுங்க 1000 பேரு, அதுல 600 பேருக்கு நோய்னு வைங்க. 480 பேரைப் பிடிக்கும், 120 பேரை விடும், நல்லா இருக்கிற 400ல 80 பேரு பொய் பாசிட்டிவ். பாசிட்டிவ் 560ல 480 உண்மை, பரவாயில்லையே! ஆனா நெகட்டிவ் 440 பேர்ல 120 பேருக்கு நோய் இருக்கு, நாலுல ஒருத்தருக்கும் மேல. இந்தக் கூட்டத்துல "நெகட்டிவ், நிம்மதி"ன்னு யாராவது சொன்னா நம்பவே கூடாது.

பொய் பாசிட்டிவ்னால என்ன ஆகும்? ஒருத்தர் டாக்டர்கிட்ட போவாரு, ப்ரோப் வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்புவாங்க, கொஞ்சம் நேரம், கொஞ்சம் பணம். பொய் நெகட்டிவ் அப்படி இல்ல. வலியே இல்லாத நோய்ல ஒரு காகிதமும் "நல்லா இருக்கீங்க"ன்னு சொல்லிட்டா அந்த ஆளு அடுத்த அஞ்சு வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டாரு. என்னைக் கேட்டா இந்த டெஸ்ட்டுகளோட பெரிய ஆபத்து இதுதான், விளம்பரத்துல இதைப் பத்தி ஒரு வரி இருக்காது.

இன்னொண்ணு. "நோய் இருக்கு"ன்னு எதை வச்சு முடிவு பண்ணாங்கங்கிறதும் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி மாறுது. அமெரிக்காவுல 2009லேர்ந்து 2014 வரைக்கும் நடந்த தேசிய சர்வேல 30 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல சுமார் 42 சதவீதம் பேருக்கு பெரியோடான்டைடிஸ், ஆனா தீவிரமானதுன்னு எடுத்தா 8 சதவீதத்துக்கும் கம்மி. எல்லாத்தையும் சேத்தா ஒரு எண், தீவிரத்தை மட்டும் எடுத்தா வேற எண். எச்சில் டெஸ்ட் பல்லு ஆடுற அளவு முத்தினவங்களையும் சுத்தமா ஆரோக்கியமா இருக்கிறவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சா சூப்பரா பிரிச்சுக் காட்டிடும். ஜிஞ்சிவைடிஸையும் ஆரம்ப நிலை பெரியோடான்டைடிஸையும் பிரிக்கச் சொன்னா தடுமாறும். நமக்கு ஸ்கிரீனிங் (அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே ஜனங்களைச் சோதிச்சுப் பாக்குறது) வேணும்னு தோணுறதே அந்த ஆரம்ப நிலைக்குத்தான்.

எங்கெல்லாம் தடுக்கி விழும்

1. எந்தப் பல்லுன்னு சொல்லாது. மொத்த வாய்க்கும் ஒரே எண். ரெண்டு கடவாய்ப் பல்லுல மட்டும் ஆழமான பாக்கெட், மிச்சம் 26 நல்லா இருக்குன்னா, அந்தக் கசிவு மொத்த எச்சில்ல கரைஞ்சு காணாமப் போயிடலாம்.

2. பல்லு போனவங்க. மோசமான நோய்ல பாதிப் பல்லு விழுந்துட்டா கசியிற இடமும் பாதியாயிடும், டெஸ்ட்ல அளவு கொறையும். நோய் ஜெயிச்ச வாய் டெஸ்ட்ல நல்ல பேரு வாங்கும், கொடுமைதான்.

3. சிகரெட். புகை பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தக் கசிவு கொறைவா இருக்கும், வீக்கம் வெளிய தெரியாது, உள்ள எலும்பு வேகமா போயிட்டிருக்கும். ரத்தத்தைத் தேடுற டெஸ்ட் இவங்களைத்தான் விட்டுடும், ஆனா அதிகமா பிடிக்கவேண்டியது இவங்களைத்தான்.

4. எச்சில் ஊறுற அளவு. காலையில ஒரு மாதிரி, சாப்பிட்டதும் ஒரு மாதிரி. பிரஷர் மாத்திரை, மனநல மாத்திரைல சிலது, ஷோக்ரன் நோய் (நம்ம உடம்பே எச்சில் சுரப்பியைத் தாக்குற நோய்) இதெல்லாம் வாயைக் காய வைக்கும், அப்போ எல்லாமே கெட்டியா தெரியும். சூயிங் கம் மென்னுட்டுத் துப்புனா நீர்த்துப் போகும்.

5. கர்ப்பம். ஹார்மோன் மாற்றத்துல ஈறு வீங்கி ரத்தம் வர்றது சகஜம், எலும்பு நல்லாவே இருக்கும், டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம்.

வாயில புண்ணு, ஞானப்பல் மொளைக்கிற இடத்துல வீக்கம் இதெல்லாமும் அதே மாதிரிதான்.

அப்போ எதுக்குத்தான் லாயக்கு

ஸ்கிரீனிங்கு எப்போ அர்த்தம் உண்டுன்னு உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968லயே ஒரு பட்டியல் எழுதி வச்சாங்க, இன்னைக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. நோய் முக்கியமானதா இருக்கணும், அறிகுறி வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிற ஒரு கட்டம் இருக்கணும், ட்ரீட்மென்ட் இருக்கணும், டெஸ்ட் ஜனங்க ஏத்துக்கிற மாதிரி இருக்கணும், பாசிட்டிவ் வந்தா அடுத்து பாத்து சொல்ல வசதி இருக்கணும். ஈறு நோய் முதல் மூணுலயும் பாஸ். எச்சில் டெஸ்ட் நாலாவதுல டிஸ்டிங்ஷன், ஊசி இல்ல, வலி இல்ல, துப்பத் தெரிஞ்சா போதும். இடிக்கிறது அஞ்சாவது: பாசிட்டிவ் வந்த 320 பேரையும் ப்ரோப் வச்சுப் பாக்க ஆளு எங்க? அந்த ஆளு இல்லாத இடத்துல ஸ்ட்ரிப்பை மட்டும் கொண்டுபோய் விநியோகம் பண்ணா பயம்தான் மிஞ்சும்.

நெஜமா உபயோகம் தெரியிற இடங்கள் ரெண்டு மூணு இருக்கு. ஒண்ணு, பல் டாக்டரே இல்லாத எடம், உதாரணமா சுகர் க்ளினிக். சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு மோசமாகுது, ஈறு மோசமானா சுகரைக் கட்டுப்படுத்துறதும் கஷ்டமாகுது, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்து விடும். அங்க வர்றவங்களுக்கு ஒரு கொப்பளிப்பு டெஸ்ட் வச்சு பாசிட்டிவா இருக்கிறவங்களை முதல்ல அனுப்பலாம், நெகட்டிவ் வந்தவங்களை "பொறுமையா போங்க, ஆனா போங்க"ன்னு அனுப்பலாம். இன்னொண்ணு, ட்ரீட்மென்டுக்கு அப்புறம். ஸ்கேலிங் (பல்லுல கெட்டியா ஒட்டின அழுக்கைச் சுரண்டுறது), வேர் வரைக்கும் சுத்தம் பண்றது எல்லாம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கும்போது, பாக்கெட் அளவு இன்னும் 5லயே நிக்குது, ஆனா என்சைம் விழுந்துடுச்சுன்னா அது ஒரு நல்ல தகவல், ஏறிக்கிட்டே இருந்தா அது வேற தகவல். ஒரே ஆளை அவரோட முந்தின எண்ணோடயே ஒப்பிடுறதால ஆளுக்கு ஆளு இருக்கிற வித்தியாசம் இங்க அவ்வளவா இடிக்காது. எனக்கு இதுதான் ஸ்கிரீனிங்கை விட உறுதியான உபயோகம்னு தோணுது, ஆனா செய்தியாளருங்களுக்கு இது சுவாரஸ்யமா இருக்காது.

மூணாவது, பெரிய சர்வே. ஆயிரக்கணக்கான வாயில 168 இடம் அளக்க முடியாதப்போ உதவும். இதுக்குப் போட்டியா ஒரு பைசா செலவில்லாத ஒண்ணும் இருக்கு: கேள்வித்தாள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் அங்க இருக்கிற ஈறு நோய் டாக்டருங்க சங்கமும் சேந்து எட்டு கேள்வி வச்சிருக்காங்க, எலும்பு போயிடுச்சுன்னு டாக்டர் எப்பவாவது சொன்னாரா, பல்லு தானா ஆடுச்சா, இந்த மாதிரி. அதோட வயசு, சிகரெட், சுகர் சேத்தா வர்ற கணிப்பே ஓரளவுக்கு நல்லா வருது. எந்த எச்சில் டெஸ்ட்டும் தன்னை நிரூபிக்கணும்னா ஆரோக்கியமான ஆளுங்களோட ஒப்பிட்டு ஜெயிச்சா போதாது, இந்த இலவசக் கேள்வித்தாளை ஜெயிச்சுக் காட்டணும்.

கையில ரிசல்ட் வந்துட்டா

1. பாசிட்டிவ்னா பல் டாக்டர்கிட்ட போய் ஒவ்வொரு பல்லையும் ப்ரோப் வச்சு அளக்கச் சொல்லுங்க. டெஸ்ட் காகிதத்தைப் பாத்துட்டு நேரா ஈறு ஆபரேஷன், லேசர்னு ஆரம்பிச்சாங்கன்னா ஆழம் எவ்வளவு, எந்தப் பல்லுன்னு கேளுங்க, அந்த அட்டவணை இல்லாம ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கக் கூடாது.

2. நெகட்டிவ், ஆனா ரத்தம் வருது, வாய் நாத்தம் போகல, பல்லு நடுவுல புதுசா இடைவெளி, ஏதோ ஒண்ணு ஆடுது, இல்ல சிகரெட்டோ சுகரோ இருக்குன்னா அந்த நெகட்டிவை மறந்துடுங்க, போய்ப் பாருங்க.

3. நெகட்டிவ், எந்த அறிகுறியும் இல்ல, ரிஸ்க்கும் இல்லன்னா வழக்கமா போற நேரத்துல செக்கப் போனா போதும். அன்னைக்கு டெஸ்ட்டுக்கு முன்னாடி பிரஷ் பண்ணி ரத்தம் வர வச்சீங்களா, சாப்பிட்டீங்களா, சளி புடிச்சிருந்துச்சான்னு மட்டும் ஒருதடவை யோசிங்க, ஆமான்னா அந்த ரிசல்ட் பாசிட்டிவோ நெகட்டிவோ, இன்னொரு நாள் கிட்ல போட்டிருக்கிற முறைப்படி எடுக்குறது நல்லது.